குழந்தை பிறந்தபின் டபிள்யூ-4 படிவம்: இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் வரிப் பிடித்தத்தை எப்படி மாற்றுவது?

மில்பிடாஸ்வாசி:

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆகஸ்ட் மாதம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் நலம். குழந்தையை மருத்துவக் காப்பீட்டில் சேர்ப்பதற்காக நிறுவனத்தின் இணையதளத்துக்குள் சென்றபோது, குடும்ப நிலை மாறியிருப்பதால் டபிள்யூ-4 படிவத்தையும் (அமெரிக்காவில் சம்பளத்திலிருந்து எவ்வளவு வருமான வரி பிடிக்க வேண்டும் என்று நிறுவனத்துக்குச் சொல்லும் படிவம்) புதுப்பிக்க விரும்புகிறீர்களா என்று அது கேட்டது. குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

எங்கள் நிலை இது. என் ஆண்டுச் சம்பளம் 1,40,000 டாலர். மனைவியுடையது 1,10,000 டாலர். இருவரும் திருமணத்துக்கு முன்பே வேலையில் சேர்ந்தவர்கள் என்பதால் இருவருடைய படிவத்திலும் 'சிங்கிள்' (மணமாகாதவர்) என்றே இருக்கிறது. சென்ற ஆண்டு திருமணமாகி, 2025-க்கான கணக்கைக் கூட்டாகத் தாக்கல் செய்தோம். பெரிய பாக்கியும் இல்லை, பெரிய ரீஃபண்டும் இல்லை. இப்போது அலுவலக நண்பர்கள் சிலர், இருவருமே 'மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லி' (மணமாகி, கூட்டாகத் தாக்கல் செய்பவர்) என்று மாற்றி, இரண்டு படிவங்களிலும் குழந்தையைக் காட்டினால் கைக்கு வரும் சம்பளம் கணிசமாக உயரும் என்கிறார்கள். செலவு கூடியிருக்கும் இந்த நேரத்தில் அந்தப் பணம் பெரிய உதவியாக இருக்கும். ஆனால், அடுத்த ஏப்ரலில் அதையே மொத்தமாகத் திருப்பிக் கட்ட நேருமா என்பது தெரியாமல் கையெழுத்திட மனம் வரவில்லை. குழந்தையின் சோசியல் செக்யூரிட்டி அட்டையும் (அரசு தரும் அடையாள எண் கொண்டது) இன்னும் வந்துசேரவில்லை. எண் இல்லாமல் படிவத்தில் குழந்தையைக் காட்டலாமா என்பதும் தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எண்ணும்எழுத்தும்:

குழந்தைக்கு என் ஆசிகள். நான் பல ஆண்டுகளாக வரிக் கணக்குத் தயாரிக்கும் தொழிலில் இருக்கிறேன். கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கும் வீடுகளில் ஏப்ரல் மாதத்தில் நான் பார்க்கும் பெரிய அதிர்ச்சிகளில் பெரும்பாலானவை, உங்கள் நண்பர்கள் சொன்ன இந்த யோசனையிலிருந்தே பிறக்கின்றன. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் நிறுவனத்துக்கு உங்கள் மனைவியின் சம்பளம் தெரியாது. அவர் நிறுவனத்துக்கு உங்கள் சம்பளம் தெரியாது. படிவத்தில் 'மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லி' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து, வீட்டில் வேறு சம்பளமும் உண்டு என்று சொல்லும் இரண்டாம் படியைத் தொடாமல் விட்டால், இந்தக் குடும்பத்துக்கு வரும் வருமானம் இந்த ஒரு சம்பளம் மட்டும்தான் என்று சம்பளம் கணக்கிடும் பேரோல் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். 2026-இல் கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு நிலையான கழிவு, அதாவது வரி போடுமுன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை, 32,200 டாலர். அது முழுவதையும் உங்கள் சம்பளத்திலும் ஒருமுறை கழிக்கும், அவர் சம்பளத்திலும் ஒருமுறை கழிக்கும். 10, 12 விழுக்காடு என்ற குறைந்த வரி அடுக்குகளையும் அவ்வாறே இரண்டு முறை கொடுத்துவிடும். உண்மையில் குடும்பத்துக்கு அவை ஒருமுறைதான் உண்டு.

உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு, காப்பீட்டுப் பிரீமியம் போன்றவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கிறேன். இருவர் சம்பளமும் சேர்த்து 2,50,000 டாலர். நிலையான கழிவு போக வரிக்கு உட்பட்டது 2,17,800 டாலர். முதல் 24,800 டாலருக்கு 10 விழுக்காடு, அதற்கு மேல் 1,00,800 வரை 12, அதற்கு மேல் 2,11,400 வரை 22, மிச்சத்துக்கு 24 விழுக்காடு என்று கூட்டினால் வரி 37,468 டாலர். குழந்தைக்காக வரியிலேயே நேரடியாகக் குறைக்கும் சைல்டு டாக்ஸ் கிரெடிட் 2,200 டாலரைக் கழித்தால் 35,268 டாலர். இதுதான் நீங்கள் முழு ஆண்டுக்குக் கட்ட வேண்டிய ஃபெடரல் வருமான வரி.

நண்பர்கள் சொன்னபடி செய்தால் எவ்வளவு பிடிக்கப்படும்? உங்கள் 1,40,000 டாலரில் 13,140. மனைவியின் 1,10,000 டாலரில் 8,840. சேர்த்து 21,980. இரண்டு படிவங்களிலும் குழந்தையைக் காட்டினால் இன்னொரு 4,400 குறைந்து 17,580 ஆகும். கட்ட வேண்டியதோ 35,268. ஆண்டு முழுவதும் இப்படியே ஓடினால் 17,688 டாலர் பாக்கி நிற்கும். உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் என்றால், இருவர் சம்பளத்திலும் சேர்த்து ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 774 டாலர் கூடுதலாக வரும். அது வரவு போலத் தோன்றினாலும் அதன் பெரும்பகுதி அரசுக்குத் தர வேண்டிய பணம்.

சரியான வழி எளிது. இருவருமே 'மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லி' என்று மாற்றுங்கள். இருவருமே இரண்டாம் படியில் உள்ள 2(சி) என்ற கட்டத்தில் குறியிடுங்கள்; வீட்டில் இரண்டு சம்பளம் உண்டு என்பதைச் சொல்வது அதுதான். ஒருவர் குறியிட்டு மற்றவர் விட்டுவிடக் கூடாது. அப்படிச் செய்தால் கழிவையும் அடுக்குகளையும் பாதிப் பாதியாகப் பிரித்து, உங்களிடம் 22,334, அவரிடம் 15,370 எனப் பிடிப்பார்கள். மொத்தம் 37,704. உண்மையான வரிக்கும் இதற்கும் வேறுபாடு வெறும் 236 டாலர். அதன்பின் குழந்தைக்கான 2,200 டாலரை மூன்றாம் படியில் உங்கள் படிவத்தில் மட்டும் எழுதுங்கள். அதிகச் சம்பளம் பெறுபவரின் படிவத்தில் எழுதினால் கணக்கு துல்லியமாக வரும் என்று படிவமே சொல்கிறது. மனைவியின் படிவத்தில் மூன்றாம் படி காலியாக இருக்கட்டும்.

சோசியல் செக்யூரிட்டி எண் பற்றிக் கவலை வேண்டாம். டபிள்யூ-4 படிவத்தில் குழந்தையின் பெயரோ எண்ணோ கேட்கப்படுவதில்லை. தொகையை மட்டுமே எழுத வேண்டும். ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும்போதுதான் எண் கட்டாயம். அந்த எண், தாக்கல் செய்வதற்கான கடைசி நாளுக்குள், நீட்டிப்பு வாங்கியிருந்தால் அந்த நீட்டிப்புக்குள், வழங்கப்பட்டிருக்க வேண்டும். மருத்துவமனையில் பிறப்புப் பதிவுத் தாளை நிரப்பும்போதே அதற்கும் விண்ணப்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்யவில்லை என்றால் எஸ்எஸ்-5 படிவத்தைக் கொண்டு இப்போதே விண்ணப்பியுங்கள்.

டாலஸ்வாசகி:

மேலே ஐயா எழுதியதை ஒரு திருத்தத்தோடு படிக்க வேண்டிய குடும்பங்களும் உண்டு என்பதால் எங்கள் நிலையைப் பகிர்கிறேன். நான் எச்-4 விசாவில், அதாவது கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில், இருக்கிறேன். வேலை செய்ய அனுமதி இல்லை. வீட்டில் ஒரே சம்பளம், 1,20,000 டாலர். என் கணவர் திருமணத்துக்கு முன் கொடுத்த படிவத்தை மாற்றாமலேயே விட்டிருந்தார். அவரைத் தனி ஆளாகவே எண்ணி ஆண்டுக்கு ஏறக்குறைய 17,570 டாலர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் போன்ற வீட்டுக்குக் கூட்டாகத் தாக்கல் செய்யும்போது வரும் வரியோ 10,040 டாலர்தான்.

எங்களுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவன் திருச்சியில் பிறந்தவன். அவனுக்கு ஐடிஐஎன் எண் (சோசியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவர்களுக்கான வரி எண்) மட்டுமே இருப்பதால் முழு கிரெடிட் கிடைக்காது, 500 டாலர்தான். இங்கே பிறந்த இளையவளுக்கு 2,200. ஆக, மூன்றாம் படியில் 2,700 எழுத வேண்டும். எங்கள் வரி 7,340 ஆகும். 'மேரீட்' என்று மாற்றி 2(சி) கட்டத்தைத் தொடாமல் விடுவதுதான் எங்களுக்குச் சரி. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ரீஃபண்டாகக் காத்திருந்து வாங்கும் நிலை அதனால் மாறுகிறது. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் எங்களுக்கு அந்தத் தலைவலியும் இல்லை.

2025-இல் வந்த புதிய சட்டத்துக்குப் பிறகு, கிரெடிட் கோரும் பெற்றோருக்கும் வேலைக்குச் செல்லுபடியாகும் சோசியல் செக்யூரிட்டி எண் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் பயந்துபோனோம். கூட்டாகத் தாக்கல் செய்யும்போது கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு இருந்தால் போதும் என்று எங்கள் கணக்காளர் தெளிவுபடுத்தினார். எச்-4-இல் இருக்கும் பிற தாய்மார்களுக்கு இது பயன்படும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எண்ணும்எழுத்தும்:

சகோதரி சொல்வது முற்றிலும் சரி. ஒரே படிவம், ஒரே குறி. ஒரு வீட்டுக்கு நன்மை செய்வது அடுத்த வீட்டுக்குக் கடனாக முடிகிறது. வீட்டில் எத்தனை சம்பளம் வருகிறது என்பதை முதலில் கேளுங்கள்; குழந்தையைப் பற்றிய கேள்வி அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். குழந்தையால் மாறுவது 2,200 டாலர். இரண்டாவது சம்பளத்தை மறந்தால் மாறுவது 15,000 டாலருக்கு மேல்.

கொங்குநாட்டான்:

எல்லோரும் ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. நானும் மனைவியும் எட்டாண்டுகளாக 'சிங்கிள்' என்றே வைத்திருக்கிறோம். குழந்தைகள் பிறந்தபோதும் எதையும் மாற்றவில்லை. ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் ரீஃபண்டாக ஒரு தொகை வருகிறது. அதை அப்படியே குழந்தைகளின் 529 கல்விச் சேமிப்புக் கணக்கில் போடுகிறோம். மாதாமாதம் கையில் 180 டாலர் கூடுதலாக வந்தால் அது எங்கே போனது என்றே தெரியாது. மில்பிடாஸ் நண்பருக்கு என் ஆலோசனை, எதையும் தொடாமல் இருப்பதே. தவறு செய்ய வாய்ப்பே இல்லாத வழி அது.

எண்ணும்எழுத்தும்:

கொங்குநாட்டு நண்பரின் கருத்தை நான் மதிக்கிறேன். சேமிப்பில் ஒழுங்கு இருக்கும் வீட்டில் அது தவறான வழியல்ல. இந்த அளவு வருமானத்தில் இருவரும் 'சிங்கிள்' என்று வைத்திருப்பதும், இருவரும் 'மேரீட்' என்று மாற்றி 2(சி)-யில் குறியிடுவதும் நடைமுறையில் ஒரே தொகையைத்தான் பிடிக்கும். மில்பிடாஸ் தம்பதிக்குச் சென்ற ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய நேராக வந்ததற்குக் காரணமும் அதுவே.

இருந்தாலும் இரண்டு காரணங்களுக்காகப் படிவத்தைச் சரியாக வைத்திருக்கச் சொல்வேன். முதலாவது, அந்தக் கட்டம் கேட்பது நீங்கள் எந்த நிலையில் கணக்குத் தாக்கல் செய்யப்போகிறீர்கள் என்பதை. பொய்ச் சாட்சிக்குரிய தண்டனைக்கு உட்பட்டே ஐந்தாம் படியில் கையெழுத்திடுகிறோம். இரண்டாவது, பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் பல வீடுகளில் ஒரு சம்பளம் நின்றுபோகிறது அல்லது சுருங்குகிறது. கடன் அட்டையில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது அரசிடம் வட்டியில்லாமல் 2,200 டாலர் கிடப்பதை நான் விரும்பமாட்டேன். கடன் ஏதும் இல்லாத வீடு என்றால் அவரவர் விருப்பம்.

பேரோல்பணியாளர்:

நான் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் வேலை செய்கிறேன். படிவம் எங்கள் கைக்கு வந்தபின் என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை என்பதால் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

மூன்றாம் படியில் 2,200 என்று எழுதினால், எந்த மாதத்தில் எழுதினாலும் மென்பொருள் அதை ஆண்டின் மொத்தச் சம்பள நாட்களால்தான் வகுக்கும். இரு வாரச் சம்பளம் என்றால் 26 தவணை. ஒரு தவணைக்கு 84.62 டாலர். செப்டம்பர் மாதத்தில் கொடுத்து, இன்னும் எட்டுத் தவணைகள்தான் மிச்சம் என்றால் இந்த ஆண்டு உங்கள் கைக்கு வருவது 677 டாலர் மட்டுமே. மீதி 1,523 டாலர் எங்கும் போய்விடாது; கணக்குத் தாக்கல் செய்யும்போது வந்துசேரும். குழந்தை டிசம்பர் 31 இரவு பிறந்திருந்தாலும் அந்த ஆண்டுக்கான முழு கிரெடிட்டும் உண்டு என்பதால், இதில் இழப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பணம் எப்போது வருகிறது என்பது மட்டுமே மாறுகிறது.

படிவம் கொடுத்த மறுநாளே மாற வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொடுத்த 30-ஆம் நாள் அல்லது அதன்பின் முடியும் முதல் சம்பளக் காலத்தின் தொடக்கத்துக்குள் நடைமுறைப்படுத்தினால் போதும் என்பதே விதி. பெரும்பாலான நிறுவனங்கள் அதற்கு முன்பே செய்துவிடுகின்றன. மாறிய முதல் சம்பளச் சீட்டில் 'ஃபெடரல் வித்ஹோல்டிங்' என்ற வரியைப் பழைய சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 85 டாலர் குறைந்திருந்தால் எல்லாம் சரி. முந்நூறு, நானூறு டாலர் குறைந்திருந்தால் 2(சி) குறி பதிவாகவில்லை என்று பொருள்; உடனே கேளுங்கள். இணையவழிப் படிவங்களில் அந்தக் குறி இரண்டாம் பக்கத்தில் சிறியதாக ஒளிந்திருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. 2020-க்கு முன் வேலைக்குச் சேர்ந்து அதன்பின் படிவமே மாற்றாதவர்களுக்கு, 'அலவன்ஸ்' எண்ணிக்கை கொண்ட பழைய படிவமே இன்றும் செல்லுபடியாகிறது. உங்கள் இருவரில் யாருக்காவது அப்படி இருந்தால், பழையதையும் புதியதையும் கலக்காமல் இருவருமே புதிய படிவத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

மில்பிடாஸ் இருக்கும் கலிபோர்னியாவுக்கு, மாநில வரிக்கென டிஇ-4 என்ற தனிப் படிவம் உண்டு; ஃபெடரல் படிவத்தை மாற்றினால் அது தானாக மாறாது. அதில் 'தனி நபர் அல்லது இரண்டு, அதற்கு மேற்பட்ட வருமானம் உள்ள மணமானவர்' என்று ஒரே தேர்வாகக் கொடுத்திருக்கிறார்கள். ஃபெடரல் படிவமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இளந்தாய்_மில்பிடாஸ்:

வணக்கம். இந்த இழையைத் தொடங்கியவரின் மனைவி நான். இருவரும் சேர்ந்தே உங்கள் பதில்களைப் படித்துக்கொண்டிருக்கிறோம், எல்லோருக்கும் நன்றி. எனக்கு ஒரு தனி ஐயம் இருக்கிறது. பிரசவத்துக்கு முந்தைய நான்கு வாரங்களும் பிந்தைய ஆறு வாரங்களும் மாநிலத்தின் ஊனமுற்றோர் காப்பீட்டில் (பிரசவம் போன்ற, வேலை செய்ய முடியாத காலத்துக்கும் பணம் தரும் காப்பீடு) விடுப்பு எடுக்கிறேன். அதன்பின் எட்டு வாரங்கள் குடும்ப விடுப்பு. இந்தப் பதினெட்டு வாரங்களும் நிறுவனம் எனக்குச் சம்பளம் தருவதில்லை. மாநிலம் தரும் பணத்தில் வரி எதுவும் பிடிக்கப்படவில்லை. அதற்கு வரி உண்டா? உண்டு என்றால், இந்த நேரத்தில் கணவரின் படிவத்தில் 2,200 டாலரைக் காட்டிப் பிடித்தத்தைக் குறைப்பது புத்திசாலித்தனமா?

எண்ணும்எழுத்தும்:

இது மிக நல்ல கேள்வி, அம்மா. மாநிலம் தரும் இரண்டு தொகைகளும் ஒரே அலுவலகத்திலிருந்து ஒரே மாதிரி வந்தாலும் வரியில் வேறுபட்டவை. பிரசவத்தை ஒட்டிய பத்து வாரங்களுக்கு வரும் ஊனமுற்றோர் காப்பீட்டுத் தொகைக்குப் பொதுவாக ஃபெடரல் வரி இல்லை. பின்னர் வரும் எட்டு வார குடும்ப விடுப்புத் தொகைக்கு ஃபெடரல் வரி உண்டு, கலிபோர்னியா வரி இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு தொடக்கத்தில் 1099-ஜி என்ற தாள் வரும்; அதைத் தவறவிட வேண்டாம்.

உங்கள் வாரச் சம்பளம் சுமார் 2,115 டாலர். அதில் 70 விழுக்காடு என்று வைத்தால் எட்டு வாரத்துக்கு ஏறக்குறைய 11,850 டாலர் வரும். 22 விழுக்காட்டு அடுக்கில் அதற்கு 2,600 டாலர் வரி. தனியாகப் பார்த்தால் அச்சமாகத்தான் இருக்கும். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். நீங்கள் வேலை செய்த 34 வாரங்களிலும், ஆண்டு முழுவதும் இதே சம்பளம் வரும் என்ற கணிப்பில்தான் வரி பிடித்திருக்கிறார்கள். பதினெட்டு வாரச் சம்பளம் வராததால் உங்கள் ஆண்டுச் சம்பளம் சுமார் 71,900 டாலராகக் குறைகிறது. கணவரின் 1,40,000, உங்கள் 71,900, குடும்ப விடுப்புத் தொகை 11,850. மூன்றும் சேர்ந்து 2,23,750. நிலையான கழிவு போக வரி 31,565. குழந்தைக்கான கிரெடிட் போக 29,365. இருவரும் எதையும் மாற்றாவிட்டால் பிடிக்கப்பட்டிருப்பது ஏறக்குறைய 32,380. ஆகவே இந்த ஆண்டு உங்களுக்கு 3,000 டாலர் அளவில் திரும்ப வரவே வாய்ப்பு. கணவர் மூன்றாம் படியை நிரப்பினாலும் அதிலிருந்து 677 டாலர்தான் முன்கூட்டி வரும். அச்சமின்றிச் செய்யலாம்.

கணவரும் அடுத்த ஆண்டில் தம் பங்கு எட்டு வாரத்தை எடுத்தால், குழந்தை பிறந்த ஓராண்டுக்குள் எடுக்க முடியும், அந்தத் தொகைக்கும் இதே வரி விதிதான். அப்போதும் ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்டின்_அண்ணன்:

2(சி) கட்டத்தை எல்லோரும் புகழ்கிறீர்கள். எங்கள் வீட்டில் அது வேறு விதமாக வேலை செய்தது. என் சம்பளம் 1,80,000. மனைவி குழந்தைக்காகப் பகுதிநேர வேலைக்கு மாறி 35,000 பெறுகிறார். குறியிட்டபின் கைக்கு வரும் தொகை மிகவும் குறைந்துவிட்டது. காரணம் தெரியுமா?

எண்ணும்எழுத்தும்:

அந்தக் கட்டம் எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரிக்கிறது. உங்கள் மனைவியின் சம்பளத்துக்கு அந்தப் பாதி தேவைக்கு அதிகம்; உங்கள் சம்பளத்துக்குப் போதாது. உங்கள் எண்களில் அது ஆண்டுக்கு 33,954 டாலர் பிடிக்கும். கிரெடிட்டுக்கு முன் உண்மையான வரி 29,640. ஆகவே 4,314 டாலர் அதிகம். குறைந்த சம்பளம், அதிகச் சம்பளத்தின் பாதிக்கு மேல் இருந்தால்தான் 2(சி) நன்றாக வேலை செய்யும். இல்லாவிட்டால் 2(பி)-யில் சொல்லப்பட்ட மூன்றாம் பக்கக் கணக்கீட்டுத் தாளைப் பயன்படுத்தி, வரும் கூடுதல் தொகையை உங்கள் படிவத்தின் 4(சி)-யில், அதாவது ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லும் இடத்தில், எழுத வேண்டும். அதைவிட, ஃபெடரல் வரித்துறையான ஐஆர்எஸ் இணையதளத்தில் இருக்கும் வித்ஹோல்டிங் மதிப்பீட்டுக் கருவியைப் பயன்படுத்துங்கள். அது பெயரோ சோசியல் செக்யூரிட்டி எண்ணோ கேட்பதில்லை. இருவரின் கடைசிச் சம்பளச் சீட்டையும் சென்ற ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். இதுவரை எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுப்பதால், ஆண்டின் நடுவில் மாற்றுகிறவர்களுக்கு அதுவே மிகப் பொருத்தமானது.

போனஸ், நிறுவனப் பங்கு ஆகியவை வருகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அவற்றில் பொதுவாக 22 விழுக்காடுதான் பிடிக்கிறார்கள். நீங்கள் 24 விழுக்காட்டு அடுக்கில் இருந்தால் 30,000 டாலர் பங்குக்கு 600 டாலர் குறையும். 32 விழுக்காட்டு அடுக்கில் இருந்தால் 3,000 டாலர் குறையும். அதையும் 4(சி)-யில் சேர்க்கலாம்.

நியூஜெர்சி_நண்பன்:

ஏற்கெனவே நண்பர்கள் பேச்சைக் கேட்டு இரண்டு படிவங்களிலும் 'மேரீட்' என்று மட்டும் மாற்றிவிட்டவர்கள், செப்டம்பரில் விழித்துக்கொண்டால் என்ன செய்வது? எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு இளம் தம்பதி கலங்கிப்போயிருக்கிறார்கள். அபராதம் வருமா?

எண்ணும்எழுத்தும்:

இன்னும் நேரம் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். ஆண்டு முடிவில் பாக்கி 1,000 டாலருக்குக் குறைவாக இருந்தாலோ, இந்த ஆண்டு வரியில் 90 விழுக்காடு கட்டப்பட்டிருந்தாலோ, சென்ற ஆண்டு வரியின் 100 விழுக்காடு கட்டப்பட்டிருந்தாலோ அபராதம் இல்லை. சென்ற ஆண்டு வருமானம் 1,50,000 டாலருக்கு மேல் இருந்திருந்தால் அந்த 100 விழுக்காடு 110 ஆகிவிடும்.

அவர்களுக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது; பலர் அதை அறிவதில்லை. நாமாகக் காலாண்டுக்கு ஒருமுறை கட்டும் தொகை, கட்டிய நாளிலிருந்துதான் கணக்கில் வரும். சம்பளத்தில் பிடிக்கப்படுவதோ, டிசம்பரில் பிடித்தாலும், ஆண்டு முழுவதும் சமமாகப் பிடித்ததாகவே எண்ணப்படும். ஆகவே குறைபட்ட தொகையை மீதமுள்ள சம்பளத் தவணைகளால் வகுத்து 4(சி)-யில் எழுதினால், முந்தைய காலாண்டுகளின் குறையும் சேர்ந்தே நிரம்பிவிடும். ஜனவரியில் மறக்காமல் அந்தத் தொகையை நீக்கிப் புதுப் படிவம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு முழுவதும் அதே தொகை பிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

டாலஸ்வாசகி:

இளந்தாய்க்கு ஒரு நினைவூட்டல். வேலைக்குத் திரும்பும்போது குழந்தையை டேகேரில் விடுவதாக இருந்தால், நிறுவனத்தின் டிபென்டென்ட் கேர் எஃப்எஸ்ஏ திட்டம் (குழந்தைப் பராமரிப்புச் செலவுக்காகச் சம்பளத்தில் ஒரு பகுதியை வரியின்றி ஒதுக்கும் கணக்கு) இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தை பிறந்தபின் அதில் சேர நிறுவனங்கள் பெரும்பாலும் 30 நாள்தான் தருகின்றன. என் தோழி ஒருவர் அந்தக் கெடுவைத் தவறவிட்டு அடுத்த ஆண்டு வரை காத்திருந்தார்.

எண்ணும்எழுத்தும்:

உண்மை. 2025 வரை 5,000 டாலராக இருந்த அதன் உச்சவரம்பு, 2026 முதல் கூட்டாகத் தாக்கல் செய்யும் குடும்பத்துக்கு 7,500 டாலர். நிறுவனம் தன் திட்டத்தில் அதை ஏற்றிருக்க வேண்டும். அதில் போடும் பணத்துக்கு வருமான வரியும் இல்லை, சோசியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகளும் இல்லை. 7,500 போட்டால் உங்களுக்கு ஏறக்குறைய 2,200 டாலர் மிச்சம். குழந்தைக்கான கிரெடிட்டுக்குச் சமம். முழுத் தொகையையும் போட்டுவிட்டால் ஒரு குழந்தை உள்ள வீட்டுக்குப் பராமரிப்புச் செலவுக்கான தனி கிரெடிட் கிடைக்காது. ஆனால் உங்கள் வருமானத்தில் அந்த கிரெடிட் 3,000 டாலர் செலவுக்கு 20 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் என்பதால் எஃப்எஸ்ஏதான் மேல். நீங்கள் விடுப்பில் வீட்டில் இருக்கும் வாரங்களின் டேகேர் செலவு இதில் வராது; இருவரும் வேலை செய்வதற்காக ஆகும் செலவுதான் சேரும். இந்தத் தொகை சம்பளத்திலிருந்து முன்கூட்டியே கழிக்கப்படுவதால் பிடித்தமும் தானாகவே குறையும். டபிள்யூ-4-இல் இதற்கென எதுவும் எழுத வேண்டாம்.

மில்பிடாஸ்வாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு குழந்தை உறங்கியபின் இருவரும் மடிக்கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிவங்களை நிரப்பினோம். என்னுடையதில் 'மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லி', 2(சி) குறி, மூன்றாம் படியில் 2,200. மனைவியுடையதில் 'மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லி', 2(சி) குறி, மற்றவை காலி. பேரோல் நண்பர் சொன்னதுபோலவே என் நிறுவனத்தின் பக்கத்தில் அந்தக் குறி 'மேலும் காட்டு' என்பதை அழுத்திய பிறகுதான் கண்ணில் பட்டது. டிஇ-4 படிவத்தில் இருவருக்கும் இரண்டு வருமானம் என்ற முதல் தேர்வையே வைத்திருக்கிறோம். என் நிறுவனத்தில் எஃப்எஸ்ஏவுக்கு இன்னும் சில நாட்கள் மிச்சம் இருப்பதால் அதற்கும் விண்ணப்பித்துவிட்டேன்.

கடைசியாக ஒரு கேள்வி. ஜனவரியில் மனைவி முழுச் சம்பளத்துக்குத் திரும்பிவிடுவார். அப்போது மறுபடியும் படிவம் கொடுக்க வேண்டுமா?

பேரோல்பணியாளர்:

4(சி)-யில் எதுவும் எழுதாததால் கொடுக்கத் தேவையில்லை. இதே படிவம் 2027-க்கும் தொடரும். முழு ஆண்டுச் சம்பளம் வரும்போது பிடித்தமும் அதற்கேற்றபடி தானாக நடக்கும். ஜனவரியின் இரண்டாவது சம்பளச் சீட்டு வந்ததும், இருவரின் ஃபெடரல் பிடித்தத்தையும் 26-ஆல் பெருக்கி அந்த ஆண்டுக்கான வரியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். யாராவது வேலை மாறினால், புதிய நிறுவனத்தில் கொடுக்கும் படிவத்திலும் 2(சி) குறி இருக்க வேண்டும். குழந்தை அப்போது யார் படிவத்தில் இருக்கிறாள் என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.